துவாரகா சகலையும் என் துப்பாக்கிக் கிளப்பும்

எனக்குப் பொறாமைக் குணம் உண்டு. இதைச் சொல்ல வெட்கப்பட்ட காலம் போய்விட்டது. இப்போது சர்க்கரை, ரத்த அழுத்தம் மாதிரி, டாக்டர் கேட்டால் சொல்லிவிடும் விஷயங்களில் அதையும் சேர்த்துவிட்டேன். ஆனால் என் பொறாமை ஊர் முழுக்கப் பாயும் வகை அல்ல. பெரும் பணக்காரர்களைப் பார்த்து எனக்கு ஒன்றும் ஆவதில்லை. அலுவலகத்தில் என்னைவிடச் சின்னவன் மேனேஜர் ஆனபோதுகூட மனதாரக் கைகொடுத்தேன் (பிறகு காய்ச்சல் வந்தது. அது சீதோஷ்ணம்). என் பொறாமை மொத்தமும் ஒரே ஒரு மனிதருக்கு என்று ஒதுக்கி வைக்கப்பட்டது. அவர் டெல்லியின் மறுகோடியில், துவாரகாவில் இருக்கும் என் சகலை பிரபாகர்.

அண்ணன் தம்பி என்றால் சண்டை போட்டுக்கொள்ளலாம். நண்பன் என்றால் விலகிப் போகலாம். சகலையிடம் இரண்டுக்கும் வழியில்லை. ஒரே வீட்டில் பெண் எடுத்த இருவரும் ஆயுசு முழுக்க ஒரே மாமியாரின் தராசில் எதிரெதிர்த் தட்டில் உட்கார்ந்திருக்க வேண்டும். என் மாமியார் கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸில் இரண்டு பெண்களை வளர்த்து ஆளாக்கியவர். கெட்ட எண்ணம் இல்லாதவர். "துவாரகா மாப்பிள்ளை மாடுலர் கிச்சன் போட்டிருக்கார்" என்று வானிலை சொல்வதுபோலத்தான் சொல்வார். எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. நான் ஸ்கூட்டர் வாங்கினேன், அவர் கார் வாங்கினார். எனக்கு முடி கொட்டத் தொடங்கியது, அவருக்குக் காதோரம் மட்டும் நரைத்து ஒரு கம்பீரம் வந்தது. இதற்கெல்லாம் மனிதன் எங்கே போய்ப் புகார் கொடுப்பது?

அவர் செய்யாத ஒன்றைச் செய்தாக வேண்டும் என்ற வேகத்தில்தான் துப்பாக்கி சுடும் கிளப்பை ஆரம்பித்தேன். கல்லூரியில் என்.சி.சி.யில் சுட்ட பழக்கம் இருந்தது. எங்கள் மயூர் விஹார் அடுக்குமாடி சொசைட்டியின் பேஸ்மென்ட் நீளமாக, சும்மா கிடந்தது. கமிட்டியிடம் கெஞ்சி வாங்கி, கடைசிச் சுவரில் குண்டு தெறிக்காதபடி இரும்புத் தகடு பொருத்தி, ஏர் ரைஃபிளும் ஏர் பிஸ்டலும் வைத்துப் பயிற்சி தொடங்கினோம். பத்து மீட்டர் தள்ளி இலக்கு அட்டை. ஒவ்வொரு முறையும் நடந்து போய் அட்டையை மாற்ற வேண்டியிருந்ததால் நானே ஓர் ஏற்பாடு செய்தேன். என் மகள் ஓட்டி முடித்த ரோஸ் கலர் குட்டி சைக்கிளின் சக்கரங்களைக் கழற்றி, இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று மாட்டி, நடுவே கயிறு ஓட விட்டேன். சக்கரத்தைச் சுற்றினால் அட்டை தானாக நம்மிடம் வரும். சக்கரத்தில் இன்னும் பட்டாம்பூச்சி ஸ்டிக்கர்கள் ஒட்டியிருந்தன. கொஞ்சம் கீச்சிடும். மற்றபடி அருமையான கருவி.

சொசைட்டியின் தண்ணீர் மோட்டாரும் அதே பேஸ்மென்ட்டில்தான் இருந்தது. அது ஓடும்போது தரை அதிரும், துப்பாக்கி அதிரும், சுடுபவரின் பல்லும் அதிரும். எங்கள் ஆட்கள் மோட்டார் நிற்கும்வரை காத்திருந்து சுடப் பழகியிருந்தார்கள். அந்த நிலைமையிலும் பாத்திமா என்று ஒரு பெண், லட்சுமி நகரில் வங்கி வேலை, காயல்பட்டினத்துக் குடும்பம், மாநிலப் போட்டிவரை போய்விட்டாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அடுத்த தீபாவளிக்குள் பிரபாகர் துவாரகாவில் கிளப் ஆரம்பித்துவிட்டார்.

"உங்களைப் பாத்துதான் சகல எனக்கு ஆசையே வந்துச்சு" என்றார். அதைக் கேட்டு நான் சிரித்த சிரிப்பைப் போட்டோ எடுத்திருந்தால் பல் டாக்டர் கடையில் மாட்டியிருக்கலாம். அவர் கிளப்பில் ஏ.சி., கண்ணாடிக் கதவு, எல்லாவற்றுக்கும் மேலாக எலெக்ட்ரானிக் டார்கெட். சுட்ட மறு நொடியே பக்கத்துத் திரையில் எத்தனை பாயிண்ட் என்று வந்துவிடும். அதைப் பார்த்துவிட்டு வந்த இரவு நான் என் மனைவி ரேகாவிடம், "மெஷினை நம்பிச் சுட்டா கண்ணு கெட்டுப்போகும்" என்றேன். ரேகா டெல்லியிலேயே பிறந்து வளர்ந்தவள். "அச்சா" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தாள்.

நிலைமை இப்படி இருக்கும்போதுதான் தேசியத் துப்பாக்கி சுடும் சங்கத்திடமிருந்து வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. சங்கத்தின் பெரிய அதிகாரி ஒருவர், பழைய வீராங்கனை, உள்ளூர்க் கிளப்புகளை நேரில் பார்க்க வருகிறார். சின்னக் கிளப்புகளுக்குச் சங்கம் எப்படி இன்னும் நன்றாக உதவலாம் என்று தெரிந்துகொள்ள வருகிறார். ஞாயிறு காலை மயூர் விஹார், மதியம் துவாரகா.

அந்தச் செய்தி வானத்திலிருந்து குதித்தது போலத்தான். ஏனென்றால் எங்கள் கமிட்டிக்குத் திடீரென்று பேஸ்மென்ட்டில் டூவீலர் நிறுத்தும் ஆசை வந்திருந்தது. மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லியிருந்தார்கள். சங்கம் ஒரு வார்த்தை எழுதிக் கொடுத்தால் கமிட்டி வாயைத் திறக்காது. பாத்திமா அதைத்தான் சொன்னாள். "அண்ணே, உள்ளது உள்ளபடி காட்டுங்க. இடம் போவப் போவுதுன்னு சொல்லுங்க. மோட்டார் ஓடும்போதே வரச் சொல்லுங்க."

ரேகாவும் அதையே சொன்னாள். "அவங்க ஹெல்ப் பண்ணத்தானே வர்றாங்க? ஹெல்ப் வேணும்னு சொல்லுங்க, அவ்வளவுதான்."

இரண்டு பெண்களும் இவ்வளவு தெளிவாகச் சொன்ன பிறகும் என் மண்டைக்குள் ஒரே ஒரு படம்தான் ஓடியது. அந்த அம்மா காலையில் என் ரோஸ் சக்கரத்தைப் பார்க்கிறார். மதியம் பிரபாகரின் எலெக்ட்ரானிக் டார்கெட்டைப் பார்க்கிறார். மனதுக்குள் ஒப்பிடுகிறார். அவ்வளவுதான். இடம் போனால் போகட்டும், மானம் போகக் கூடாது என்று முடிவு செய்தேன்.

சனிக்கிழமை, வாடகைக்குப் பந்தல் சாமான் தரும் டென்ட் ஹவுஸிலிருந்து கல்யாண மாப்பிள்ளை உட்காரும் சிவப்பு சோபா வந்தது. சிவப்புக் கம்பளம் வந்தது. மூலையில் நின்ற மோட்டாரைச் சுற்றித் தங்கச் சரிகைத் திரை கட்டினார்கள். இரும்புத் தகட்டின் துரு தெரியாமல் இருக்க, அதன்மேல் சுவர் அகலத்துக்கு ஒரு ஃப்ளெக்ஸ் பேனர். அதில் 'வருக வருக' என்று மூன்று மொழியில். பக்கத்தில் கைகூப்பிச் சிரித்தபடி நான், ஆளுயரத்துக்கு. (அச்சடிக்கிற ஆள் கேட்டார், "தலைவரே, எந்த வார்டுல நிக்கறீங்க?" என்று.) ரோஸ் கலர் சக்கரங்களைக் கழற்றி மூலையில் போட்டேன்.

அன்று சாயங்காலம் பிரபாகரிடமிருந்து போன்.

"என்ன சகல, ஏற்பாடெல்லாம் பலமா?"

"நமக்கென்ன ஏற்பாடு? எப்பவும் இருக்கறதுதான்" என்றேன், சோபாவில் உட்கார்ந்தபடி.

"அந்தச் சைக்கிள் சக்கரம் இருக்குல்ல, அது உங்களுக்கு வேணுமா?"

"அதெல்லாம் கழட்டிக் குப்பையில போட்டாச்சு."

"குப்பையில போட்டதை நான் எடுத்துக்கட்டுமா? ஆளை அனுப்பறேன்."

எனக்கு வந்த ஆனந்தத்தைச் சொல்லி முடியாது. என்னிடமிருந்து ஒரு பொருளை அவர் கேட்கிறார்! அதுவும் நான் வேண்டாம் என்று தள்ளியதை! தாராளமாக எடுத்துக்கொள்ளச் சொன்னேன். எதற்கு என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை. பொறாமைக்காரன் ஜெயித்ததாக நினைக்கும் நேரத்தில் அவன் மூளையைக் கழற்றித் தனியே வைத்துவிடலாம், அதற்கு வேலையே இருக்காது.

ஞாயிற்றுக்கிழமை மேடம் வந்தார். அரியானாக்காரர். ஷூவும் கதர் குர்தாவுமாக, படியில் மளமளவென்று இறங்கினார். கம்பளத்தைப் பார்த்து ஒதுங்கி நடந்தார், ஏதோ கல்யாணத்துக்குத் தவறி வந்துவிட்டவர் போல. சோபாவில் உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தார். அது மெத்தென்று உள்ளே இழுத்துக்கொண்டதில் முழங்கால் மோவாய்வரை வந்துவிட்டது. அவரைக் கை கொடுத்துத் தூக்கிவிட்டது பாத்திமா.

"நல்லா வெச்சிருக்கீங்க" என்றார் மேடம். இந்தியில்தான் பேசினார், நான் தமிழில் சொல்கிறேன். "சரி, எங்கே சுடறீங்க?"

அந்த நொடியில்தான் எனக்கு உறைத்தது. என் கிளப்பில் சோபா இருந்தது, சரிகைத் திரை இருந்தது, ரசகுல்லா இருந்தது. சுடுவதற்கு ஒரு டார்கெட் இல்லை. இருந்ததைத்தான் முந்தின நாள் சகலைக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டேனே.

"புது டார்கெட் வந்துட்டே இருக்கு மேடம்" என்றேன்.

"பரவாயில்லை, ஓர் அட்டையைக் குத்துங்க. கை ஊறுது" என்று அவர் பிஸ்டலை எடுத்துக்கொண்டார். வேறு வழியில்லாமல் இலக்கு அட்டையை என் ஃப்ளெக்ஸிலேயே, என் மார்புக்கு நேராக, பின் குத்தி மாட்டினேன். மேடம் நிமிர்ந்து நின்று, ஒரு கையைப் பையில் விட்டு, மறு கையை நீட்டினார். அப்படி ஓர் அசையாத கையை நான் பார்த்ததே இல்லை.

அப்போது வாட்ச்மேன் மேலே மோட்டார் சுவிட்சைப் போட்டார்.

அதை இன்று போடாதே என்று சொல்ல வேண்டிய வேலை என்னுடையது. சோபாவுக்கு எந்த உறை என்ற யோசனையில் மறந்துவிட்டேன். தங்கச் சரிகைத் திரை சாமி வந்தது போல ஆடியது. தரை அதிர, குண்டு கிளம்பியது. அட்டையில் ஓட்டை இல்லை. பேனரில் சிரித்துக்கொண்டிருந்த என் முன்பல் ஒன்று போயிருந்தது.

"அடடா! மன்னிச்சுக்கோங்க" என்றார் மேடம், நிஜமாகவே பதறி.

"பரவாயில்லை மேடம், நிறைய பேர் அங்கேதான் சுடுவாங்க" என்றேன். (ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்கே தெரியாது.)

பிறகு அவர் எங்கள் எல்லோரையும் நிற்கவைத்து, வந்த காரியத்தைக் கேட்டார். "சொல்லுங்க. உங்க கிளப்புக்குச் சங்கம் என்ன செய்யணும்? பயமில்லாம கேளுங்க. செய்ய முடிஞ்சதைச் செய்யத்தான் வந்திருக்கேன்."

பாத்திமா என்னைப் பார்த்தாள். ரேகா என்னைப் பார்த்தாள். ஆங்கிலத்தில் தயாராக மனப்பாடம் செய்து வைத்திருந்த கோரிக்கை நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் அதே நேரத்தில் மேடம் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "அடுத்து துவாரகா போகணும்" என்று சொல்லித் தொலைத்தார்.

துவாரகா என்ற சொல் காதில் விழுந்ததும் எனக்குள் வேறு யாரோ புகுந்துவிட்டார்கள். "எங்களுக்கு என்ன மேடம் குறை? சப் குச் ஹை. எல்லாம் இருக்கு. போதும்" என்றேன். படபடப்பில் கடைசி வார்த்தை தமிழில் வந்துவிட்டது.

"போதும்னா?"

"போதும்னா... வேற ஒண்ணும் வேண்டாம்."

பாத்திமா "யா அல்லாஹ்" என்று முனகினாள். ரேகா ஒரு முழு ரசகுல்லாவை வாயில் போட்டுக்கொண்டாள். அவள் வாயைத் திறந்தால் என்ன வரும் என்று அவளுக்கே பயம் போலிருக்கிறது.

மேடத்துக்கோ முகமெல்லாம் சந்தோஷம். "எதுவும் வேண்டாம்னு சொன்ன முதல் கிளப் நீங்கதான்! வாங்க என்கூட. எனக்கு ஒரு யோசனை இருக்கு" என்று என்னையும் பாத்திமாவையும் காரில் ஏற்றிக்கொண்டார். ரேகா சோபாவைத் திருப்பி அனுப்ப நின்றுவிட்டாள். வழி நெடுக மேடம் தன் யோசனையை விளக்கினார். வசதியுள்ள கிளப் ஒன்று, வசதியில்லாத கிளப் ஒன்றைத் தத்தெடுக்க வேண்டுமாம். நான் அதற்கு முன்மாதிரியாம். பாத்திமா ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள். துவாரகா வரும்வரை அவள் முகத்தை நான் பார்க்கவில்லை.

துவாரகா கிளப்புக்குள் நுழைந்ததும், தப்பான இடத்துக்கு வந்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன். ஏ.சி.யைக் காணோம், அதன் இடத்தில் பழைய செய்தித்தாள் ஒட்டியிருந்தது. கண்ணாடிக் கதவில் சாக்கு தொங்கியது. என் சகலை, பெர்ஃப்யூம் இல்லாமல் குப்பை கொட்டக்கூட வெளியே போகாதவர், காலர் கிழிந்த சட்டையில், சவரம் செய்யாத முகத்தோடு, வெள்ள நிவாரணத்துக்கு வரிசையில் நிற்பவர் மாதிரி கைகட்டி நின்றார். அவருக்குப் பின்னால், ஹாலின் நடுநாயகமாக, என் ரோஸ் கலர் சக்கரங்கள்.

மேடம் நேராக அங்கேதான் போனார். சக்கரத்தைச் சுற்றினார். அது கீச்சிட்டது. அட்டை குலுங்கிக் குலுங்கி அவரிடம் வந்தது. குனிந்து பட்டாம்பூச்சி ஸ்டிக்கரைத் தொட்டுப் பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் கண் கலங்கியிருந்தது.

"இதை யார் செஞ்சது?"

"நாங்களே மேடம்" என்றார் பிரபாகர் அடக்கமாக. "கையில இருந்ததை வெச்சு ஏதோ..."

"இப்படிப்பட்டவங்களுக்குத்தான் சங்கம் முதல்ல உதவணும்" என்று மேடம் என் பக்கம் திரும்பினார். "பார்த்தீங்களா? உங்ககிட்ட சோபா இருக்கு. இவங்ககிட்ட மூளை இருக்கு. இனிமே ஒவ்வொரு வாரமும் நீங்க இங்கே வந்து இவங்களுக்கு உதவணும்."

இதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். சத்தியமாகப் பொறுத்துக்கொண்டேன். ஆனால் மேடம் அதோடு நிற்கவில்லை. போனை எடுத்தார். "சக்கரத்துக்குப் பக்கத்துல நில்லுங்க பிரபாகர் ஜி. நாடு முழுக்க எல்லா கிளப்புக்கும் உங்க படத்தை அனுப்பறேன்."

பிரபாகர் சக்கரத்தின்மேல் கை வைத்து, காதோர நரை தெரியும்படி தலையைச் சாய்த்தார்.

"மேடம், அது என் பொண்ணோட சைக்கிள்!"

கத்தியது நான்தான் என்று தெரிய எனக்கே கொஞ்ச நேரம் ஆனது. அதற்குள் வாய் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. "அந்த ஸ்டிக்கர் அவ ஒட்டினது. மாட்டினது நான். கயித்துல முடிச்சு போட்டது நான். கீச்சு கீச்சுன்னு கத்துறதுகூட என்னோடது மேடம்!"

"அப்போ உங்க கிளப்புல..." மேடம் குழம்பினார்.

"எங்க கிளப்புல ஒண்ணுமே இல்ல மேடம்! சோபா வாடகை! கம்பளம் வாடகை! அந்த பேனர்ல இருக்கற சிரிப்புகூட எங்களோடது இல்ல!" இது போதாதென்று, ஓரமாகப் போர்வை போர்த்தி வைத்திருந்த ஒரு மேட்டைப் பாய்ந்து போய் இழுத்தேன். எலெக்ட்ரானிக் டார்கெட்டும் திரையும் பளபளவென்று வெளியே வந்தன.

"என்ன சகல இது?" என்றேன், மூச்சிரைக்க.

"டார்கெட்டே இல்லைன்னு நான் சொல்லலையே சகல" என்றார் பிரபாகர். "போர்வைதான் போத்தினேன்."

மேடம் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "நீங்க ரெண்டு பேரும் சொந்தமா?"

"சாடூ" என்றாள் பாத்திமா, சகலைக்கான இந்தி வார்த்தையை.

அந்த ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது. மேடம் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்து நிற்க முடியாமல் தரையில் உட்கார்ந்துவிட்டார். அவர் வீட்டுக்காரருக்கும் இரண்டு சாடூ இருக்கிறார்களாம். சிரிப்பு அடங்கியதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு பாத்திமாவைப் பக்கத்தில் உட்காரவைத்தார். "நீ சொல்லும்மா. நிஜமா என்ன வேணும்?"

பாத்திமா ஒரு மூச்சில் சொன்னாள். பேஸ்மென்ட் போய்விடும், அதற்குச் சங்கத்தின் கடிதம் வேண்டும். மோட்டார் நேரத்தை மாற்ற வேண்டும். சொல்லிக்கொடுக்கிறவர்களுக்கு முதலில் யாராவது சொல்லிக்கொடுக்க வேண்டும் (இதைச் சொல்லும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை, அந்த மட்டும் மரியாதை). மாநிலப் போட்டிக்குப் போனால்தான் மற்றவர்களோடு போட்டி போட முடிகிறது, பக்கத்துக் கிளப்புகளுக்குள்ளேயே சின்னப் போட்டிகள் இருந்தால் புதிதாக வருகிறவர்களுக்குப் பயம் போகும்.

மேடம் கேட்டுக்கொண்டே இருந்தார். முடிவில், "தப்பு எங்க மேலயும் இருக்கு" என்றார். "நாள் சொல்லிட்டு வர்றோம். ஒரு கிளப் கல்யாண வேஷம் போடுது, இன்னொண்ணு பிச்சைக்கார வேஷம் போடுது. நிஜக் கிளப்பை நாங்க பாக்கறதே இல்லை. இனிமே சொல்லாமத்தான் வரணும்." பிறகு எங்களுக்குத் திட்டு விழுந்தது. அதிலும் பாருங்கள், எனக்கு "முட்டாள்தனம்" என்ற சாதாரணத் திட்டு. பிரபாகருக்கு, "இவ்வளவு மூளையை வெச்சுக்கிட்டு இப்படிப் பண்ணலாமா?" என்று பாராட்டு கலந்த திட்டு. இன்றுவரை எனக்கு ஆறவில்லை.

கருவி எதுவும் இரண்டு பேருக்கும் கிடைக்கவில்லை. ஆனால் கடிதம் வந்தது. கமிட்டி அதைப் பார்த்துவிட்டு டூவீலர் ஆசையைக் கைவிட்டது, மோட்டாரும் விடியற்காலைக்கு மாறியது. பயிற்சி கொடுக்கிறவர்களுக்கான முகாமுக்கு என்னையும் பிரபாகரையும் சேர்த்தே அனுப்பினார்கள், ஒரே அறையில் (ஜன்னலோரக் கட்டில் அவருக்கு). இரண்டு கிளப்புக்கும் இடையே மாதாமாதம் போட்டி நடக்கிறது. மற்ற பேட்டைக் கிளப்புகளும் இப்போது வந்து சேர்ந்துவிட்டன. பாத்திமா எலெக்ட்ரானிக் டார்கெட்டில் பழக நீல லைன் மெட்ரோவில் துவாரகா போய் வருகிறாள். நல்ல விஷயம்தான். அவள் அங்கே ஏ.சி.யைப் புகழ்ந்தால் மட்டும் நான் பேச்சை மாற்றிவிடுவேன்.

வீட்டில்தான் என்னை விடவில்லை. அன்று ரேகா தன் அக்காவிடம் போனில் சொன்னது மாமியார் காதுக்குப் போயிற்று. அதிலிருந்து எங்கள் குடும்பத்தில் 'போதும்' என்ற சொல் இரண்டாகப் பிரிந்துவிட்டது. யாராவது பாயசத்துக்குக் கையைக் குறுக்கே நீட்டினால் மாமியார் கரண்டியை நிறுத்திவிட்டுக் கேட்பார். "இது நெஜப் போதுமா, மயூர் விஹார் போதுமா?" சம்பள உயர்வு வேண்டாம் என்று பெருமைக்குச் சொல்லிவிட்டு வந்த ஒன்றுவிட்ட மைத்துனனுக்கும் அதே கேள்வி. தமிழ் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாத என் மகளுக்குக்கூட இந்த ஒன்று தெளிவாகச் சொல்ல வரும்.

போன மாதம் பிரபாகர் இன்னொரு வீடு வாங்கிக் கிரகப்பிரவேசம் வைத்தார் (நான்கு படுக்கையறை. நான் எண்ணவில்லை, கண்ணில் பட்டது). கேட்டரிங் ஆட்கள் யாரோ, எங்கிருந்தோ வந்தவர்கள். அக்காரவடிசல் கொண்டுவந்த இளைஞர் என் இலைக்கு முன்னால் நின்றார். நெய் மினுங்கியது. சகலை வீட்டு நெய் என்ற ஒரே காரணத்துக்காக நான் இலையின் மேல் கையை நீட்டி, "போதும்" என்றேன்.

அந்த இளைஞர் நகரவில்லை. பணிவாகக் குனிந்து கேட்டார்.

"நெஜமாவா சார், மயூர் விஹாரா?"

பந்தியின் அந்தக் கோடியில் பிரபாகர் இந்தப் பக்கம் பார்க்காமல் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தார். தோள் மட்டும் குலுங்கியது.

"மயூர் விஹார்தான்" என்று கையை எடுத்தேன். "நல்லா ரெண்டு கரண்டி போடுங்க."